மூன்றாம் வகுப்பில் கருவாடு

1

சென்ற வாரம் என் மகள் கயல் பள்ளியிலிருந்து ஒரு படிவம் கொண்டுவந்தாள். அதில் வியப்பொன்றும் இல்லை. நாங்கள் குடியேறியிருக்கும் இந்தக் கனடியச் சிற்றூரில், பள்ளியிலிருந்து படிவம் வராத வாரம் கிடையாது. பூங்காவுக்கு அழைத்துப்போக ஒன்று, பல் பரிசோதிக்க ஒன்று, மதிய உணவில் நிலக்கடலை வைத்தனுப்ப மாட்டேன் என்று உறுதிகூற ஒன்று. திருவொற்றியூரில் பிள்ளையைச் சேர்க்கும் நாளன்று ஒரு கையெழுத்துப் போட்டால், ஐந்தாம் வகுப்பு முடியும்வரை அது செல்லும். இங்கே கயலுக்காக நான் போட்டிருக்கும் கையெழுத்துகளைக் கொண்டு ஒரு பத்திரப்பதிவு அலுவலகமே நடத்தலாம்.

இம்முறை வந்தது ஒரு நாய்க்கான படிவம். பிள்ளைகளின் மனநலத்துக்காக வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு ஒரு நாய் வரும். படபடப்புள்ள பிள்ளைகள் சிறிது நேரம் அதைத் தடவிக்கொண்டு அமர்ந்திருக்கலாம். வாசிக்கத் தயங்கும் பிள்ளைகள் அதற்குப் புத்தகம் படித்துக்காட்டலாம். இதற்கெனப் பயிற்சி பெற்ற நாய் அது, பெயர் டக்கர். பெற்றோரின் சம்மதம் வேண்டும்.

பெயரைப் படித்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கயல் காரணம் கேட்டாள்.

"நம்ம ஊர்ல ஒண்ணு பிரமாதமா இருந்தா, டக்கர்னு சொல்லுவாங்கடி."

அவள் கண்கள் விரிந்தன. "அவனை ஊர்லகூடத் தெரியுமா அம்மா?"

எட்டு வயது முடியாத இவளுக்கு, என் அப்பா இருக்கும் ராயபுரம் என்பது தொலைபேசியில் தாத்தாவின் இருமல் கேட்கும் ஓரிடம், அவ்வளவுதான். இரண்டு வயதில் கிளம்பியவளிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? டக்கரை "அது" என்று சொன்னதற்காக என்னையே திருத்தினாள். "அது இல்லம்மா, அவன். அவன் வேலை பாக்கறான்." நாய்க்கு நான் கொடுக்கத் தவறிய மரியாதையை இவள் கொடுக்கிறாள் என்று மகிழ்ந்த அதே மூச்சில், "அவன் எனக்குக் கேட்பான்" என்றாள். தான் சொல்வதை அவன் காதுகொடுத்துக் கேட்பான் என்பது பொருள். ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழில் பேசும் பிள்ளைகளின் பேச்சு இப்படித்தான் இருக்கும். திருத்தினேன். அவள் தலையாட்டிவிட்டு, அடுத்த வாக்கியத்திலும் அப்படியே சொன்னாள்.

2

நானும் அதே பள்ளியில்தான் வேலை பார்க்கிறேன், மதிய உணவு நேரத்தில் மட்டும். பிள்ளைகள் உண்ணும் கூடத்தில் நின்று, பால் பொட்டலங்களைப் பிரித்துக் கொடுத்து, சண்டையை விலக்குவது என் பணி. ஊரில் ஆசிரியையாக இருந்தவள் என்பதை இங்குள்ள ஓர் அலுவலகம் இன்னும் முழுமையாக நம்பவில்லை. என் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழின் மெய்ப்பிரதியை, நான் படித்த நிறுவனமே உறையிலிட்டு, ஒட்டிய இடத்தில் முத்திரை குத்தி, நேராக அவர்களுக்கு அனுப்ப வேண்டும். நிறுவனத்து எழுத்தர் அதைப் பொறுப்பாக என் அப்பாவின் வீட்டுக்கு அனுப்பினார். அப்பா அதைவிடப் பொறுப்பாக உறையைப் பிரித்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பசைபோட்டு ஒட்டி எனக்கு அனுப்பினார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம்.

டக்கரோ ஒரே பிற்பகலில் தேர்வாகிவிட்டது. சக்கர நாற்காலி உருண்டுவந்தால் மிரளக் கூடாது, தட்டு விழுந்தால் குரைக்கக் கூடாது, வாலைப் பிடித்து இழுத்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சோதனைகளாம். அதை அழைத்துவரும் ஹெலன் என்ற மூதாட்டி, பெற்றோர் கூட்டத்தில் இவற்றை விவரித்தார். தடுப்பூசிச் சான்று, காப்பீட்டுத் தாள், கழுத்தில் நிழற்படத்துடன் அடையாள அட்டை என எல்லாம் இருந்தன. படத்தில் டக்கர் என்னைவிட நன்றாகவே இருந்தது. பள்ளிக்கு வரும் நாளன்று குளிப்பாட்டிப் பல்லும் துலக்கிவிடுவார்களாம். பொன்னிற உடலைத் தரையில் பரப்பிக்கொண்டு, தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதைத் துளியும் பொருட்படுத்தாமல் அது தூங்கிக்கொண்டிருந்தது.

கேள்வி நேரத்தில் ஒரு தாய் எழுந்தாள். "நாய் இருந்தால்தான் வகுப்புக்குள் போவேன் என்று என் பிள்ளை பழகிவிட்டால் என்ன செய்வது?"

ஹெலன், "நல்ல கேள்வி" என்றார். இந்நாட்டில் பதில் கைவசம் இல்லாதபோது இப்படித்தான் பாராட்டுவார்கள். பிறகு கையேட்டைப் புரட்டினார்.

என் கை தானாக மேலே போயிற்று. எல்லாரும் திரும்பிப் பார்த்ததும், நெஞ்சுக்குள் வரிசையாக நின்றிருந்த ஆங்கிலச் சொற்கள் கலைந்து ஓடிவிட்டன. "என் வகுப்பில் அப்படி ஒரு நாய் இருந்தது" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அன்பாகச் சிரித்தார்கள். எதையோ வேடிக்கையாகச் சொன்னேன் என்று எண்ணிக்கொண்டிருக்கலாம்.

அந்தத் தாயின் கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடையைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழில் என்றால் எனக்குக் கூட்டத்தைக் கண்டு அச்சமில்லை.

3

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பும் ஒரு தெருவில் இருந்த சிறிய தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் சாலையில் மைல்கணக்கில் வரிசைகட்டி நிற்கும். ஓட்டுநர்கள் கீழே இறங்கிச் சமைத்துச் சாப்பிட்டு, குளித்து, துணி உலர்த்தும் அளவுக்கு நேரம் இருக்கும். அந்த லாரிகளின் இடுக்கில் புகுந்துதான் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்கள்.

அவ்வாண்டு ஆடி மாதத்தில் கடல் மிகுதியாகக் கரையை அரித்தது. கரையோரக் குப்பத்தில் ஒரு வரிசை வீடுகள் போயின. ஆட்களுக்கு ஒன்றும் நேரவில்லை. சாமான்களை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் பின்னால் இருந்த குடியிருப்புக்கு மாறினார்கள். அவர்களில் ஒருத்தி அஞ்சலை. விடியுமுன் காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, ஆட்டோவில் ஏற்றிவந்து, எங்கள் தெருமுனையில் விற்பவள். தன் ஒரே மகள் தேசராணியைப் பழைய பள்ளியிலிருந்து எடுத்து எங்கள் பள்ளியில் சேர்த்தாள்.

சேர்த்தாளே தவிர, பிள்ளை உள்ளே வரவில்லை. மூன்றாம் வகுப்பின் வாசல்வரை வந்து, நிலையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு நின்றாள். அழவில்லை, பேசவில்லை. உள்ளே இழுத்தால் நிலை பெயர்ந்து வந்துவிடும் போலிருந்தது. முதல் நாள் அப்படி, இரண்டாம் நாள் அப்படி. மூன்றாம் நாள் அஞ்சலை தலையில் மீன்கூடையோடு வந்து பார்த்தாள்.

"இன்னா டீச்சர், காவக்காரி மாரி வாசல்லயே நின்னுகினு கீறா?"

"கொஞ்ச நாள் பொறுங்க அஞ்சலையம்மா. புது இடம், பழகிடுவா."

"வூட்டக் கடலு எடுத்துகினு போனதுலேர்ந்து இப்டித்தான். எங்க போனாலும் செவுத்தப் புச்சிகினு நிக்கறா. அதுவும் பூடும்னு நெனக்கிறாளோ இன்னாவோ." கூடையை ஒரு கையால் சரிசெய்துகொண்டாள். "இந்த மாசம் பாப்பேன் டீச்சர். இல்லாங்காட்டி என்னாண்டயே குந்த வச்சிக்கிறேன். எறா உரிக்கக் கத்துகிட்டாலாவது ஒரு தொழிலு கீது."

அவள் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. எட்டு வயதில் தானும் அப்படி உட்கார்ந்தவள்தான். அதனாலேயே எனக்கு அச்சம் மிகுந்தது. ஒரு மாதத்துக்குள் அந்தப் பிள்ளை வாசற்படியைத் தாண்டாவிட்டால், இனி எந்தப் பள்ளியின் வாசற்படியையும் தாண்டப் போவதில்லை.

4

நான்காம் நாள் அவளோடு ஒரு நாய் வந்தது.

எலும்பும் தோலுமாக, உப்பில் ஊறி வெயிலில் காய்ந்தது போன்ற பழுப்பு நிறத்தில் இருந்தது. குப்பத்திலிருந்து அவர்களைப் பின்தொடர்ந்து வந்துவிட்டதாம். பெயர் கருவாடு. வைத்தவர் யாரானாலும் கண்ணுள்ளவர். அது வகுப்பின் வாசலில், குறுக்கே படுத்தது. தேசராணி நிலையிலிருந்து கையை எடுத்து, நாயின் முதுகில் வைத்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபோது அவள் வாசற்படிக்கு இந்தப் பக்கம் இருந்தாள்.

நான் பாடத்தை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எழுந்து ஓடியிருப்பாள்.

மறுவாரம் ஒரு நாள், வாய்பாடு எழுதப் பணித்துவிட்டு வரிசைக்கிடையில் நடந்தபோது, வாசல் பக்கமிருந்து முணுமுணுப்பு கேட்டது. மடியில் தமிழ்ப் புத்தகத்தை விரித்து, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து, தேசராணி கருவாட்டின் காதுக்குள் படித்துக்கொண்டிருந்தாள். "கா… க்கை… காக்கை. பாத்தியா? உன்னாண்டேர்ந்து மீனு புடுங்குமே, அதான்." நாய் ஒரு காதை மட்டும் அசைத்தது. அவள் அடுத்த வரிக்குப் போனாள்.

என் பெட்டியில் குழந்தை உளவியல் பற்றிய தடித்த நூல்கள் இரண்டு இருந்தன. இரண்டையும் அடிக்கோடிட்டுப் படித்தவள் நான். இரண்டிலும் கருவாடு பற்றி ஒரு சொல்லும் இல்லை. நூல்களை மூடிவிட்டு நாயைப் பார்த்துக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். தவறாகப் படித்தால் அது சிரிக்காது. பக்கத்துப் பிள்ளை முந்திக்கொண்டு விடை சொல்வது போலச் சொல்லாது. "சீக்கிரம்" என்று ஒருபோதும் கேட்காது. ஒரு நல்ல ஆசிரியைக்கு வேறென்ன தகுதி வேண்டும்?

மற்ற பிள்ளைகளுக்கும் ஆசை வந்தது. ஒரு நாளைக்கு இருவர் வாசலுக்குச் சென்று கருவாட்டுக்குப் படித்துக்காட்டலாம் என்று முறைவைத்தேன். திக்கித் திக்கிப் படிக்கும் பிள்ளைகள்தாம் முதலில் கைதூக்கினார்கள். வருகைப் பதிவு எடுக்கையில் கடைசிப் பெயர் முடிந்ததும், "கருவாடு" என்று ஒருவர் கத்துவதும், "ப்ரசென்ட் டீச்சர்" என்று வகுப்பே கூவுவதும் வழக்கமாயின. நன்றி பாராட்டும் எண்ணத்தில் ஒரு நாள் என் தயிர்சாதத்தில் பாதியை அதற்கு வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. எங்கள் பள்ளி ஆயா முனியம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அது வஞ்சரத் தல துன்ன நாயி டீச்சர். அத்தாண்ட போயி அய்யரு வூட்டு சோத்த நீட்டுறியே!"

இதெல்லாம் தலைமையாசிரியைக்குத் தெரியாமல் நடந்தது. அவர் அறை முன்கட்டில்; எங்கள் வகுப்பு பின்கட்டில். ரெஜினா டீச்சர் என்றால் அந்தத் தெருவே நிமிர்ந்து நிற்கும். நாய் விஷயத்தில் அவர் கண்டிப்புக்கு நியாயமும் இருந்தது. முன்பொரு சமயம் பள்ளிக்கூட முற்றத்திலேயே ஒரு பிள்ளையை நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொள்ள நாள்தோறும் அப்பிள்ளையை மருத்துவமனைக்குத் தூக்கிப்போனவர் அவர்தான்.

5

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு இன்று பிற்பகல் கண்டதைச் சொல்ல வேண்டும். உணவு வேளை முடிந்து நூலகப் பக்கம் போனேன். ஒரு பையன் தரைவிரிப்பில் குப்புறப் படுத்து டக்கருக்குப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தான். படத்தை நாய் பார்க்க வேண்டுமென்று, பக்கத்துக்குப் பக்கம் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினான். ஹெலன் சற்றுத் தள்ளி அமர்ந்து, எதையும் கேட்காதவர் போல ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். தேசராணி கருவாட்டுக்குப் படித்த நாட்களில், எதுவும் காதில் விழாதவள் போல வாய்பாட்டுத் தாள்களைத் திருத்தியபடி நான் நடித்ததும் அப்படித்தான் இருந்திருக்கும்.

என்னைக் கண்டதும் ஹெலன் அருகில் அழைத்தார். "அன்றைக்கு உங்கள் வகுப்பு நாய் பற்றிச் சொன்னீர்களே. என்ன இனம்?"

சற்று யோசித்தேன். "திருவொற்றியூர்" என்றேன்.

அவர் மரியாதையோடு தலையசைத்து, அந்த இனத்தைக் கேள்விப்பட்டதில்லை என்றார்.

6

தவறு என்னுடையது. ஒரு நாள் காலை முனியம்மா ஓடிவந்து, மறுநாள் நம் தெருவுக்கு நாய் வண்டி வருவதாகச் சொன்னாள். தெருநாய்களைப் பிடித்துக்கொண்டு போகும் வண்டி. தேசராணி மறுபடி நிலையைப் பற்றிக்கொண்டாள். அவளைத் தேற்றும் அவசரத்தில், எங்கள் பக்கத்தில் எல்லாரும் நம்பிய ஒரு விதியைச் சொன்னேன்: கழுத்தில் ஏதாவது கட்டியிருந்தால் அது வளர்ப்பு நாய்; வண்டிக்காரர்கள் தொட மாட்டார்கள். "உன் ரிப்பன் ஒண்ணைக் கட்டிவிடு, போதும்." தாழ்ந்த குரலில்தான் சொன்னேன். ஆனால் மூன்றாம் வகுப்பில் தாழ்ந்த குரலுக்குத்தான் காதுகள் அதிகம்.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் என் வகுப்புப் பெண்பிள்ளைகள் அத்தனை பேரும் தலைவிரிகோலமாக நின்றார்கள். இரட்டைச் சடையை மடித்துக் கட்ட வேண்டிய சிவப்பு ரிப்பன் ஒருத்தியிடமும் இல்லை. ரெஜினா டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அதற்குள் வாசலில் நாய் வண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் இறங்கித் தெருவின் இரு புறமும் பார்த்தார். டீக்கடை நாய், லாரிக்கடியில் தூங்கும் நாய், குப்பைத்தொட்டி நாய், மூன்று கால் நாய், எல்லாவற்றின் கழுத்திலும் பள்ளிச் சீருடையின் சிவப்பு ரிப்பன், பூ முடிச்சோடு.

அவர் வாசற்கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கேட்டார்: "இன்னா மேடம், இந்தத் தெரு நாயிங்க அத்தினியும் உங்க ஸ்கூல்லயா படிக்குது?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். வண்டி காலியாகவே திரும்பியது. ரெஜினா டீச்சர் சிரிக்கவில்லை.

"யாரு சொல்லிக் கொடுத்தது?"

முன்வரிசைச் சாந்தி, உண்மை பேச வேண்டும் என்று நான் கற்பித்ததை மறவாதவள், பெருமையோடு என்னைச் சுட்டினாள். "எங்க டீச்சர்தான் டீச்சர்! கருவாட்டக் காப்பாத்தறதுக்கு!"

"எந்தக் கருவாடு?" என்றார் ரெஜினா டீச்சர்.

கருவாடு எங்கள் வகுப்பு வாசலில், இரண்டு ரிப்பன்களோடு படுத்திருந்தது.

7

மறுநாளிலிருந்து வெளிவாசலுக்குள் நாய் நுழையக் கூடாது என்று உத்தரவாயிற்று. முனியம்மா மனமில்லாமல் கம்பைக் காட்டி அதை நிறுத்தினாள். தேசராணி வாசலில் சற்று நின்றாள். நாயைப் பார்த்தாள், உள்ளே பார்த்தாள். பிறகு இருவருமாகத் திரும்பிப் போய்விட்டார்கள். அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை தெருமுனைக்குப் போனேன். அஞ்சலையின் கூடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அலுமினியச் சட்டி. அதன் முன்னால் தேசராணி குந்தியிருந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். காலடியில் கருவாடு. என்னைக் கண்டதும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கைகள் மட்டும் நிற்கவில்லை. இரண்டே நாளில் அவ்வளவு வேகம் வந்திருந்தது.

"சோக்கா உரிக்கறா டீச்சர்" என்றாள் அஞ்சலை. பெருமையா வருத்தமா என்று பிரித்தறிய இயலாத குரல். "நான் இன்னா பண்ணட்டும், நீயே சொல்லு. நாயி இல்லாம பொண்ணு வராது. பொண்ணு இல்லாம நாயி வந்து இன்னாத்துக்கு?"

நேராக ரெஜினா டீச்சரின் வீட்டுக்குப் போனேன். என் தவறை ஒப்புக்கொண்டேன். பிறகு, அந்தப் பிள்ளை காக்கை பாடத்தை நாய்க்கு முழுவதும் படித்துக்காட்டியதைச் சொன்னேன். அவர் எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த மீன்பையை எடுத்து வைத்தார்.

"அஞ்சலை எங்க உட்கார்ந்து விக்கறா? நாளைக்குக் காலையில எனக்கு மீன் வாங்கணும்" என்றார்.

சனிக்கிழமை காலை நான் கண்டதைப் போன்ற ஒரு பேரத்தை அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை. ரெஜினா டீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். அஞ்சலை வஞ்சரத்தின் செவுளைத் தூக்கிக் காட்டியபடியே பேசினாள். மீனைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை.

"நாய் கேட்டுக்கு வெளிய. அவ்வளவுதான்."

"இன்னா டீச்சர், அடிமாட்டு வெலைக்குக் கேக்கறியே. க்ளாஸ் வாசல் வரிக்கும் வுடு."

"முடியாது."

"சரி, கேட்டாண்ட உள்பக்கம்."

"ஊகூம்." ரெஜினா டீச்சர் குடையை எடுத்து நடக்கத் தொடங்கினார். நான் பதறினேன். அஞ்சலையோ அசையவில்லை, மீன் வாங்க வருகிறவர்கள் பத்தடி போய்த்தான் திரும்புவார்கள் என்பதை அறிந்தவள்.

"டீச்சர்! வா டீச்சர், இப்டி வா. கோச்சிகினு போவாத. நீயே ஒண்ணு சொல்லு."

ரெஜினா டீச்சர் சரியாகப் பத்தாவது அடியில் திரும்பினார். "மூணாங்கிளாஸ் ஜன்னல் பின்தெருவைப் பாத்துதானே இருக்கு? ஜன்னலுக்கு வெளிய, கல்லு மேல படுக்கட்டும். உள்ள ஜன்னலோரமா உன் பொண்ணுக்கு இடம். நாய்க்கு ஊசி போட்ட சீட்டு என் மேஜைக்கு வரணும்."

"ஊசி போட்டுகினு வரேன். கொசுறா ஒண்ணு கேக்கறேன், குடுப்பியா?"

"என்ன?"

"மழ வந்தா உள்ள வுட்டுடணும்."

ரெஜினா டீச்சரின் உதடுகள் இறுகின. சிரிப்பை அடக்கினால் அவருக்கு அப்படித்தான் ஆகும். "மழை வந்தா மட்டும்" என்றார். அதன் பிறகுதான் மீன் வாங்கினார்.

திங்கட்கிழமை மாலை அஞ்சலை கருவாட்டை ஈரச் சாக்கில் சுற்றி, மீன் ஆட்டோவிலேயே ஏற்றி, கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். சீட்டில் பெயர் என்ற இடத்தில் "கருவாடு" என்று எழுத மருத்துவர் தயங்கினாராம். "பேரு அதான் சார், மீனு இல்ல" என்று இவள் அடித்துச் சொல்லியிருக்கிறாள். அந்தச் சீட்டை ரெஜினா டீச்சர் ஆசிரியர்களின் பணிப்பதிவேடுகள் இருந்த அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

8

தேசராணி ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தாள். கம்பிக்கு வெளியே ஒரு கையை நீட்டியபடியே எழுதினாள், படித்தாள், வாய்பாடு ஒப்பித்தாள். எனக்குப் பதில் சொல்லும்போதுகூட முகம் தெருப் பக்கமே இருக்கும். நாய் தாமதித்தால் அவளும் வாசலிலேயே தாமதிப்பாள். ஒருநாள் அது லாரிக்காரர் ஒருவரின் சமையலில் மயங்கி வராமற்போக, அவளும் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். ஹெலனிடம் அந்தத் தாய் கேட்ட கேள்வியை நான் அப்போது இரவும் பகலும் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். நாய்க்கு என்ன ஆயுள்? ஒரு லாரி போதும். அதன்பின் இவள் என்ன ஆவாள்? ரெஜினா டீச்சர் ஒருமுறை ஜன்னலைப் பார்த்துவிட்டு, "நாம நாய்க்குத்தான் அட்மிஷன் குடுத்திருக்கோம்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஐப்பசி மழை தொடங்கிய நாள். காலையிலிருந்து கொட்டியது. பேரத்தின்படி கருவாடு உள்ளே வரலாம் என்பதால், பிள்ளைகள் அதற்கெனக் கோணியொன்றை விரித்து வைத்துக் காத்திருந்தார்கள். வழிபாடு முடிந்தது. வருகைப் பதிவு முடிந்தது. நாயும் வரவில்லை, பெண்ணும் வரவில்லை. தேசராணி என்ற பெயருக்கு நேரே என் பேனா நின்றது. மழையில் லாரி ஓட்டுநர்களுக்குக் கண் தெரியாதே என்ற எண்ணத்தை எவ்வளவு விரட்டியும் அது போகவில்லை.

இரண்டாம் பாடவேளையில் வெளிவாசற்கதவு படாரென்று திறந்தது. யாரோ முற்றத்துச் சேற்றில் தபதபவென்று ஓடிவரும் ஓசை. தேசராணி சொட்டச் சொட்ட நனைந்து, வாசற்படியைத் தாண்டி, நிலையைத் தொடாமல், வகுப்பின் நட்டநடுவில் வந்து நின்றாள்.

"டீச்சர்! கருவாடு குட்டி போட்ருச்சி! ஆறு!"

வகுப்பு எழுந்து கூத்தாடியது. அவள் எல்லார் குரலுக்கும் மேலே கத்தினாள். குடியிருப்பின் மாடிப்படிக்கு அடியில் போட்டிருக்கிறது. ஒன்று வெள்ளை, ஒன்றுக்கு நெற்றியில் பொட்டு, மற்றதெல்லாம் கருவாடு போலவே. கண் இன்னும் திறக்கவில்லை. அம்மா வஞ்சரத் தலையைக் குழம்பு வைக்காமல் அப்படியே அதற்குக் கொடுத்துவிட்டாள். மூன்று மாதங்களில் அவள் எங்களிடம் பேசியிராத சொற்கள் எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் வந்து கொட்டின. நான் என் துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினேன்.

"நீ எப்படிம்மா வந்தே?"

"ஒண்டியாதான் வந்தேன். அத்தால வர முடியாது இல்ல டீச்சர்? நாந்தான வந்து சொல்லணும்."

சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. வெளியே பார்க்க அன்று ஒருவருமில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்துத் தாளொன்றைக் கிழித்தாள். அந்த வாரம் விடுப்பு விண்ணப்பம் எழுதுவதைக் கரும்பலகையில் கற்பித்துக்கொண்டிருந்தேன். பலகையை அண்ணாந்து பார்ப்பதும், நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுவதுமாக அரை மணி நேரம் உழைத்தாள். என்னிடம் காட்டாமல் தானே முன்கட்டுக்கு எடுத்துச்சென்று, ரெஜினா டீச்சரின் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

மாலையில் ரெஜினா டீச்சர் அதை என்னிடம் கொடுத்தார். அடியில் பச்சை மையால் "அனுமதிக்கப்பட்டது" என்று எழுதி, கையொப்பமிட்டிருந்தார். பிழைகளோடு அதில் இருந்தது இவ்வளவுதான்:

"மதிபிற்குறிய டீச்சருக்கு, எனக்கு ஆறு குட்டி பொறந்து இருப்பதால் நான் இனிமே பள்ளிக்கு வர இயலாது. என்க்கு பதிலா தேசராணி தினமும் வருவாள். இப்படிக்கு, தங்கள் கீழ்படிந்துள்ள கருவாடு, மூன்றாம் வகுப்பு."